கடலோர மனைக்கு என் கையெழுத்து இல்லை

உ
ரேணுகாம்பாள் துணை

ஆரணி
29-6-2003

அன்பு மகன் ஹேமநாத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் உடம்பால் சுகம். உன் கடிதம் வந்த பிறகு மனசால் சுகமில்லை, அதை மறைத்து நலம் என்று எழுத எனக்கு வரவில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கடைசியில் எழுதியிருந்தாய், அதனால் உன் கடிதத்தைப் படித்தபோது யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், உன் அப்பா, வேலூரிலிருந்து வந்திருந்த உன் அக்கா பரிமளா, படித்துக் காட்டிய மாப்பிள்ளை தசரதன், உறைமோர் கேட்டு வந்து சமையலறை வாசலிலேயே நின்றுவிட்ட எதிர்வீட்டு விருத்தாம்பாள். ஐந்து பேர்தான், ஆனால் விருத்தாம்பாள் இருந்தாள் என்றால் தெருவே இருந்தது என்று வைத்துக்கொள். மோரை வாங்கிக்கொண்டு போகும்போதே, "ஏன் ராஜம்மா, ஆரணியில மனை தீந்துபோச்சின்னு உன் புள்ள கடலுக்குள்ள தேடிகினு இருக்கானா" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஜாவாவுக்கு மில் வேலைக்கென்று போனவன் நீ. உன்னோடு வேலை செய்கிற வாயான் லீவில் பாலித் தீவில் இருக்கிற தன் ஊருக்கு அழைத்துப் போனான், மீன் பிடிக்கிற சின்ன ஊர், தென்னை மரங்களோடு முப்பது சென்ட், போன வருஷம் அங்கே குண்டு வெடித்த பிறகு வெள்ளைக்காரர்கள் வருவதில்லை என்பதால் விலை இறங்கிக் கிடக்கிறது, சீக்கிரம் ரோடு வந்துவிடும், நாலு அறை கட்டி வாடகைக்கு விடலாம், அங்கேயே இருந்துவிடலாம் என்கிறாய். அதற்குப் பணம் திரட்ட நம் வீட்டின் மேற்குப் பாதியை விற்க நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஜனங்கள் பயந்து வராத இடத்தில் நீ யாருக்கு அறை கட்டுவாய். ரோடு வரும் என்று உனக்குச் சொன்னது யார், நிலத்தை விற்கிறவன்தானே. வெம்பாக்கம் பக்கம் கம்பெனி வரப்போகிறது என்று மனை விற்றார்கள், வாங்கினவர்கள் கல் நட்டதோடு சரி, இப்போது அந்தக் கல்லைத் தேட வேலிக்காத்தானை வெட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டு மணி நேரம் போக வேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய், அதையும் ஊரின் அமைதிக்கு அத்தாட்சி போல எழுதியிருக்கிறாய். அங்கேயும் நம் சாமிதான், வீட்டுக்கு வீடு கோயில் என்று கடலோரக் கோயிலின் போட்டோ வைத்திருந்தாய். பார்த்தேன், கும்பிட்டேன், பூஜை அறையில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் கோயிலைக் காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டாய் பார், அதுதான் எனக்கு ஆத்திரம். சாமி இருக்கிற இடத்தில் விழுந்து கும்பிடலாம், வீடு கட்ட மண்ணைப் பார்க்க வேண்டும். போனில் பேசியபோது, மனையின் நடுவில் ஒரு முழம் குழி தோண்டி எடுத்த மண்ணையே திரும்பப் போட்டுப் பார், மிஞ்சினால் வாங்கலாம், குறைந்தால் அந்தப் பக்கமே திரும்பாதே என்று சொன்னேன். தோண்டி முடிப்பதற்குள் தண்ணீர் ஊறிவிட்டது, வாயில் வைத்தால் உப்பு, மண் சரிந்து கரைந்து திரும்பப் போடவே முடியவில்லை என்று எழுதி, இதற்குச் சாஸ்திரத்தில் என்னம்மா பலன் என்று கிண்டல் வேறு. பெரியவர்கள் அதற்குப் பலன் சொல்லி வைக்கவில்லையப்பா, அப்படி ஒரு இடத்தில் வீடு கட்ட ஒருத்தன் நினைப்பான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

இதெல்லாம்கூடப் போகட்டும். வெளிநாட்டுக்காரன் பேரில் அங்கே நிலம் எழுத மாட்டார்கள், அதனால் வாயானுடைய தங்கை சுகர்த்தி பேரில் எழுதிவிட்டு நிலம் என்னுடையதுதான் என்று அவளிடம் தனியாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வேன், எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் மாப்பிள்ளை படிப்பதை நிறுத்திவிட்டு உன் அப்பாவைப் பார்த்தார். அவருக்கு நடந்ததும் இதேதான். அப்போது நீ பாலிடெக்னிக் போய்க்கொண்டிருந்தாய், உனக்குப் பாதிதான் தெரியும். சொசைட்டியில் கைத்தறி நெசவாளர் என்று உறுப்பினராக இருக்கிறவர் விசைத்தறி வைத்தால் பேரை நீக்கிவிடுவார்கள், பட்டு கொடுக்க மாட்டார்கள் என்று பயந்து, உன் அப்பா இரண்டு விசைத்தறி வாங்கித் தேசூரில் உன் சித்தப்பா ஜெகநாதன் பேரில் போட்டார். அவரும் தனியாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். கொஞ்ச நாள் வருமானம் ஒழுங்காக வந்தது, அப்புறம் தறி ஜெகநாதனுடையது ஆகிவிட்டது. கேட்கப் போனவரை நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, "அண்ணா, அந்தத் தாள எடுத்துகினு சொசைட்டிக்குப் போங்க, ஸ்டேஷனுக்கும் போங்க. எதுக்கு தம்பி பேர்ல வச்சேன்னு கேப்பாங்க இல்ல, சொல்லுங்க" என்றானாம். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். உன் அப்பா அந்தக் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார். திருட்டுக் கொடுத்தவன் நாலு பேரிடம் சொல்லி அழலாம், சட்டத்துக்கு மறைத்துப் பிறத்தியார் பேரில் வைத்தவன் யாரிடம் போய்ச் சொல்லுவான். நீ வாங்கப்போகிற தாளும் அதே தாள்தான், பாஷைதான் வேறே.

இவ்வளவு பட்ட மனுஷர் என்ன சொன்னார் தெரியுமா, "போட்டுக் குடு ராஜம், நான் ஏமாந்தேன்னா அவனும் ஏமாறணும்னு இருக்குதா" என்கிறார். அன்றைக்கு அவருக்குப் பரிமளாதான் பரிமாறினாள், நான் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மறுநாள் தரகர் துரைக்கண்ணு டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். என்னைக் கேட்காமல் அவனிடம் பேசியிருக்கிறாய். வீட்டின் மேற்குப் பாதியை அளந்து, சுவர் இங்கே வரும் என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டான். கோடு தறிக்குழிக்கு நடுவே போகிறது. உன் அப்பா ஒரு காலை நம் வீட்டிலும் ஒரு காலை வாங்கினவன் வீட்டிலும் வைத்துக்கொண்டு நெய்ய வேண்டும் போலிருக்கிறது. ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தேன். "பையன்தாம்மா சொன்னாருங்க" என்றான். "வூடு யார் பேர்ல இருக்குதுன்னு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பாத்துட்டு வா" என்றேன். என் அம்மா எனக்கு எழுதி வைத்த வீடு இது. என் பேரில் இருப்பதால்தான் நீ இன்றைக்கு என் கையெழுத்துக்கு நிற்கிறாய். நாளைக்கு அந்தப் பெண்ணின் கையெழுத்துக்கும் இப்படித்தான் நிற்பாய், அவள் உனக்கு அம்மா இல்லை.

அந்தப் பெண்ணைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். போனிலும் அவள் பேச்சு, கடிதத்திலும் அவள் பேச்சு. நல்லவள், புருஷன் இறந்துவிட்டான், சின்னக் கடை வைத்து ஒரு பெண் குழந்தையை வளர்க்கிறாள், நீ போனால் சோறு போடாமல் அனுப்புவதில்லை என்று நிலத்தைவிட அவளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறாய். பரிமளா சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. அவள் உனக்கு ஒன்றும் இல்லையென்றால் உன் உழைப்பை அவள் பேரில் ஏன் வைக்கிறாய். ஏதோ இருக்கிறது என்றால் மனையைக் காட்டி என்னிடம் ஏன் சுற்றி வளைக்கிறாய். முப்பது தாண்டியவன், கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், படவேட்டுக்குப் போய் அம்மனையும் திட்டியிருப்பேன், பிறகு அவளுக்கு ஒரு பட்டுப்புடவையும் குழந்தைக்குப் பாவாடையும் எடுத்து வைத்திருப்பேன். ஒரு பெண்ணின் பேர் மட்டும் பத்திரத்துக்கு வேண்டும், மற்றபடி அவள் யாரோ என்று நினைக்கிற பிள்ளையை நான் பெறவில்லை. எப்படியானாலும் மேற்குப் பாதிக்கு என் கையெழுத்து கிடையாது, அதில் அப்பாவையும் மாப்பிள்ளையையும் தூது விடாதே.

நெஞ்சுச் சளி இருந்தால் மிளகுக் கஷாயம் வை, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அம்மன் உன்னைக் கைவிட மாட்டாள், நானும் விட மாட்டேன், திட்டுவதை வைத்து வேறு மாதிரி நினைக்காதே. ஆடி முதல் வெள்ளிக்கு உன் பேரில் அர்ச்சனை செய்து குங்குமம் அனுப்புகிறேன். நிலத்தைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். சுகர்த்தி உனக்கு யார் என்று மட்டும் சீக்கிரம் பதில் எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
சி. ராஜம்மாள்