லிஃப்ட் யாருடையது?

பிப்ரவரி 3, திங்கள்

லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. கதவில் ஒட்டியிருந்த ‘விரைவில் சரிசெய்யப்படும்’ தாளை யாரோ கிழித்துவிட்டார்கள். நல்லதுதான். ஒரு பொய் குறைந்தது.

பிப்ரவரி 5, புதன்

இவர் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பக்கவாதத்தில் இடது கால் விழுந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் வாரந்தோறும் நடைப்பயிற்சிக்குப் போயாக வேண்டும். ஆறாவது மாடியிலிருந்து நாற்காலியோடு தூக்கி இறக்க, அக்கம்பக்கத்து ஆண்களைக் கெஞ்சிக் கூட்டி வருவேன். போன வாரம் படித் திருப்பத்தில் ஒருவர் கை நழுவி நாற்காலி சாய்ந்தது.

“நான் என்ன பீரோவா, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இறக்க?”

ஊரையே பஸ்ஸில் ஏற்றி இறக்கிய டிரைவர். கேட்டால் சிரிப்புதான் வரும். முகத்தைப் பார்த்தால் வராது. பயிற்சியை விட்டால் கால் இப்படியே இறுகிவிடும் என்கிறார் டாக்டர். நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

பிப்ரவரி 8, சனி

தங்கச்சி நச்சரித்துத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தாள். சனிக்கிழமைகளில் அவர் மக்களைச் சந்திப்பாராம். முன்பு பல் டாக்டர். இன்னும் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பேசும்போது நம் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறார். கையால் பொத்திக்கொண்டு பேசலாமா என்றிருந்தது.

எனக்கு முன்னால் இருந்தவர், கோபித்துக்கொண்டு போன மருமகனை அழைத்துப் புத்தி சொல்லச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தார். அது முடிந்து என் முறை வருவதற்குள் என் பொறுமை போய்விட்டது.

“அது வீட்டுவசதித் துறையோட லிஃப்ட். ஓட்டுங்கன்னு உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லைங்க,” என்றார்.

சுள்ளென்று வந்தது. “அப்ப எதுக்கு சார் இந்த மேஜை நாற்காலியெல்லாம்?”

“கேக்கறதுக்கு. நீங்க கேட்டா பேசாம இருந்துடுவாங்க. நான் கேட்டா எழுத்துல பதில் சொல்லியாகணும்.”

என் வாய் சும்மா இருந்ததா? “நான் உங்களுக்கு ஓட்டுப் போடலை,” என்று போட்டு உடைத்தேன்.

“பரவால்ல. அது லிஃப்ட்டுக்குத் தெரியாது.”

பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அவருடைய உதவியாளர் அம்மா மட்டும் சிரித்தார். எப்போது நின்றது, யாரிடம் சொன்னேன், என்ன பதில் வந்தது என்று குடைந்து குடைந்து கேட்டார். கடைசியில், “வீட்டுக்கே வந்து பயிற்சி குடுக்க ஆஸ்பத்திரியில ஆள் உண்டே, கேட்டீங்களா?” என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இத்தனை மாதமும் ஆஸ்பத்திரியில் ஒருவருக்குக்கூட வாயைத் திறந்து சொல்லத் தோன்றவில்லையே!

பிப்ரவரி 20, வியாழன்

துறையிலிருந்து பதில்: ‘கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.’

பரிசீலிக்கறாங்களாம். என்னத்தைப் பரிசீலிக்கறாங்க? மனுஷன் கீழே வரணுமா வேண்டாமான்னா?

பிப்ரவரி 21, வெள்ளி

பயிற்சி கொடுக்கும் பெண் வீட்டுக்கு வந்தாள். உதவியாளர் அம்மாவே ஆஸ்பத்திரியில் பேசி ஏற்பாடு செய்திருக்கிறார். இவர் முதலில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். “சரி, சுவரைப் பிடிச்சுக்கிட்டே நில்லுங்க,” என்றாள் அவள். நின்றார்.

மார்ச் 1, சனி

மறுபடி பல் டாக்டரிடம். துறையின் கடிதத்தை நீட்டினேன். உதவியாளர் அம்மா படித்துவிட்டு, “இது பதில் இல்லைங்க. பதில் மாதிரி,” என்றார். என்ன பழுது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் ஓடும் என்று மூன்றே கேள்வி கேட்டு இன்னொரு கடிதம் போகிறது. கடிதத்துக்குக் கடிதம். அதற்குள் அந்த லிஃப்ட்டில் புறா குடும்பம் நடத்திவிடும்.

மார்ச் 13, வியாழன்

இரண்டாவது கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது. லிஃப்ட் பழுதெல்லாம் எப்போதோ சரியாகிவிட்டதாம்! பாதுகாப்புச் சோதனைக்குக் காத்திருக்கிறதாம். சோதனை அலுவலகத்தைக் கேட்டால், யாரும் கூப்பிடவே இல்லையாம். ஓடுற லிஃப்ட்டைப் பூட்டி வெச்சிட்டு, என் வீட்டுக்காரரை வீட்டுக்குள்ள பூட்டி வெச்சிருக்காங்க. யாரும் கெட்டவங்க இல்லையாம், யாரும் சோம்பேறி இல்லையாம் — அவங்கவங்க வேலையை அவங்கவங்க செஞ்சாங்களாம்.

மார்ச் 17, திங்கள்

பல் டாக்டர் இரண்டு அலுவலகத்தாரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லியிருந்தார். என்னையும் நடுவில் உட்கார வைத்தார். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

“நாங்க தகவல் அனுப்பினோம் சார்.”

“எங்களுக்கு வரலை சார்.”

இதையே மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பல் டாக்டர் குரலை உயர்த்தவே இல்லை. “வந்ததா வரலையான்னு நான் கேக்கலை. இவங்க வீட்டுக்காரர் என்னைக்குக் கீழே வரலாம்? தேதி சொல்லிட்டு எழுந்திருங்க,” என்றார். ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தேதி வந்தது.

இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. நான் கேட்டபோது மட்டும் எல்லாருக்கும் சாப்பாட்டு நேரம்.

மார்ச் 26, புதன்

சொன்ன தேதியில் சோதனை அதிகாரி வந்தார். கதவு சரியாக மூடவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். தலையில் அடித்துக்கொண்டேன். உதவியாளர் அம்மா போனில், “எழுதினது நல்லதுங்க. இப்பதான் அது யார் வேலைன்னு தெளிவாச்சு,” என்கிறார். இந்த அம்மாவுக்குக் கோபமே வராதா?

ஏப்ரல் 11, வெள்ளி

ஓடுகிறது. இவர் கம்பு ஊன்றி வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “முதல்ல நீ போயிட்டு வா, பாக்கலாம்,” என்கிறார்!

ஏப்ரல் 24, வியாழன்

கடையிலிருந்து வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. ஆளைக் காணோம். எதிர் வீட்டில் கேட்டேன், தெரியவில்லை. ஆறு மாடியும் படியிலேயே ஓடி இறங்கினேன். தெருமுனை சலூனில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்து சாவகாசமாக யாரிடமோ பஸ் கதை பேசிக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

“ஏன் இப்படி மூச்சு வாங்குது? லிஃப்ட் நின்னுடுச்சா?”

வந்தது பாருங்கள் எனக்கு. சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார், அப்படித் திட்டினேன். சொல்லிட்டுப் போகணும்னு தெரியாதா, விழுந்திருந்தா யாரு பாக்கறது, ஒரு போன் பண்ணக் கை வராதா... பாதி மழித்த கன்னத்தோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“சரி சரி. நாளைக்குப் போறப்ப சொல்லிட்டுப் போறேன்,” என்றார்.