இரட்டை உள்நாக்கு

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் மனைவி சொல்லியனுப்பியது சரிதான். பாப்பாவின் உள்நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. டாக்டர் அண்ணத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, "சில பேருக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கும்மா. ஒண்ணும் பண்ணாது" என்றார். கவலைப்பட வேண்டாம்.

நான் பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் விளக்குப் பிடிக்கிறேன். நான் பெற்ற பிள்ளையின் வாய்க்குள் இருப்பதை, மாதத்தில் இரண்டு நாள் அவளைப் பார்க்கிறவள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. "சித்தி டார்ச் அடிச்சுப் பார்த்தாங்களா?" என்று பாப்பாவைக் கேட்டேன்.

"இல்லம்மா. சித்தி ஒரு கதை சொன்னாங்க. நான் அண்ணாந்து சிரிச்சேனா, அப்பத் தெரிஞ்சிருச்சு."

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குக் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "போதும்மா" என்று மரியாதையாகச் சிரித்தாள்.

அது என்ன கதை என்று உங்கள் மனைவியிடம் கேட்டு எழுதுங்கள். நான் கேட்டதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவைப் பெற்றவள்