வியாழனின் காந்தக் கோடுகளும் கோயில் நோட்டீசும்

கோலா சிலாங்கூர்
9 மார்ச் 1986

அன்பு மகள் கலாவதிக்கு அம்மா எழுதுவது. முருகன் துணையால் நான் சுகமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே எனக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. அந்தக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டும்.

உன் எட்டுப் பக்கக் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் படித்திருப்பேன், ஆனால் உன் ஆராய்ச்சியை எனக்காகத் தமிழில் எழுத உட்கார்ந்தாயே, அதற்கு முதலில் நன்றி. இரண்டு இடங்களில் ஒற்று விட்டிருக்கிறாய், அது போகட்டும். வியாழன் கிரகத்தின் காந்தக் கோடுகள் இழுத்துக் கட்டிய கயிறுபோல அதிரும், நீளத்துக்கும் அதில் தங்கிய பிளாஸ்மா என்கிற மின்னேறிய வாயுவின் கனத்துக்கும் ஏற்ப ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் உண்டு, வெளியிலிருந்து வரும் அலை எந்தக் கோட்டின் வேகத்தோடு ஒத்துப்போகிறதோ அந்தக் கோடுதான் பெரிதாக ஆடும் என்று எழுதியிருந்தாய். பின்கட்டுத் துணிக்கொடியில் சோதித்தேன். ஈரப் போர்வையைத் தூண் ஓரத்தில் போட்டால் கொடி கொஞ்சம்தான் மந்தமாகிறது, நடுவில் போட்டால் மிகவும் மெதுவாக ஆடுகிறது. அப்பாவின் கைக்கடிகாரத்தை வைத்துக் கணக்கிட்டேன். நீ எழுதியிருந்த உன் பிழை அப்போதுதான் எனக்கு விளங்கியது. வியாழனைச் சுற்றும் நிலவின் எரிமலைகள் கக்கும் கந்தகம் கோட்டின் நடுவில் சேர்கிறது, நீ அந்தக் கனத்தைக் கோடு முழுக்கச் சமமாகப் பரப்பிக் கணக்குப் போட்டிருக்கிறாய். பேராசிரியர் கண்ணில் இது படவில்லை. சொன்னால் ஏப்ரலில் கொடுக்கவேண்டிய ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போகும், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, என்னம்மா செய்ய என்று கேட்டிருந்தாய்.

பதிலுக்கு முன் என் பிழையைக் கேள். எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் ஏழாம் நாள் உபயத்தை உன் பெயரில் ஏற்றுக்கொண்டேன். நோட்டீசில் "டாக்டர் கலாவதி, இங்கிலாந்து" என்று போடச் சொன்னவள் நான்தான், அவசரம் என்னுடையது. திங்கட்கிழமை அச்சாகி வந்தது, மறுநாள் உன் கடிதம். வெட்கமாயிருந்தது. கோயில் செயலாளர் செல்லையாவிடம் போய் பட்டத்துக்கு இன்னும் ஒரு வருடம் ஆகலாம், டாக்டர் என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "யாருக்கும்மா தெரியப் போவுது? அடுத்த வருஷம் டாக்டர்தானே, விடுங்க லா." நீ எழுதியிருந்ததையே அவரும் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. முந்நூறு நோட்டீசையும் வீட்டுக்கு வாங்கி வந்தேன். கான்வெண்டில் சிஸ்டர் சொல்லித்தந்தபடி ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோட்டால் அந்தச் சொல்லை அடித்தேன், அடித்த சொல் கீழே படிக்கும்படி இருக்க வேண்டும், கிறுக்கக் கூடாது. பக்கத்து வீட்டு வேலம்மா மை காய ஒவ்வொன்றாகப் பரப்பி வைத்தாள். "ஏங்க்கா, பாப்பாவுக்கு டாக்டர் வேல போயிருச்சா?" என்றாள். போகவில்லை, இன்னும் வரவில்லை என்றேன். அப்படியானால் குருப் பெயர்ச்சி எப்போது என்றாவது கேட்டுச் சொல்லுங்கள், பாப்பா குருவைத்தானே பார்க்கிறது என்றாள். நன்றாகச் சிரித்தோம், ஆனாலும் மத்தியானம் முழுக்க என்னோடு உட்கார்ந்தது அவள்தான், அந்த நன்றி எனக்கு உண்டு.

இப்போது எல்லோரும் அடித்த சொல்லைத்தான் முதலில் படிக்கிறார்கள். கேட்பவர்களிடம், மகள் தன் கணக்கில் தானே ஒரு பிழை கண்டுபிடித்திருக்கிறாள், திருத்த ஒரு வருடம் ஆகும் என்கிறேன். சொல்லச் சொல்லக் குரல் நிமிர்ந்துவிட்டது. ராசா என்ற ஊரிலிருந்து ஜூனில் பெண் பார்க்க வருவதாயிருந்த சிவானந்தம் வீட்டாருக்கும் அதையே எழுதினேன். காத்திருக்க மாட்டார்களாம். நல்ல குடும்பம், வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அதற்காக உன்னை அவசரப்படுத்த மாட்டேன்.

ஆகவே பேராசிரியரிடம் சொல்லிவிடு. ஒரு வருடம் இரு, நான் இருப்பேன். யாருக்கும் தெரியாத பிழையை அம்மாவிடம் சொல்லலாம் என்று உனக்குத் தோன்றியதே, உன் அப்பா போன பிறகு இவ்வளவு நிறைவாக நான் சாமி கும்பிட்டதில்லை.

மாரியம்மன் உன் கைக்கும் கண்ணுக்கும் பலம் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு, கம்பளிக் காலுறை போடு. நல்ல செய்தி இருந்தால் மட்டும் கடிதம் எழுதும் பழக்கம் உனக்கு. இம்முறை பேராசிரியர் கோபித்தாலும் அன்றைக்கே எழுது.

என்றும் உன் நன்மை வேண்டும்
அம்மா
நாகமணி