படையலில் வைத்த அமுக்கராப் பால்

அன்புள்ள மாப்ள மணிவேலுக்கு,

போய்ச் சேர்ந்த பிறகும் உன்னால் எனக்கு ஒரு சண்டை. நேற்று உன் கருமாதியில் உன் சித்தப்பாவோடு முட்டிக்கொண்டேன். நல்லவேளை, சட்டை கிழியவில்லை.

படையலில் வடை, பாயசம், உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு எல்லாம் இருந்தது. பக்கத்தில் அவர் ஒரு குவார்ட்டர் பாட்டிலை வைத்தார். "செத்தவனுக்குப் புடிச்சததான வைக்கணும்" என்றார். யாரும் தடுக்கவில்லை. உன் பெண்டாட்டி, என் தங்கச்சி செல்வி, அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செட்டிகுளம் ரோட்டில் உன் பைக் சறுக்கிய அன்றிலிருந்து அரும்பாவூரில் ஒரே பேச்சு, தண்ணி போட்டுத்தான் விழுந்தான் என்று. மழை பெய்து ரோடெல்லாம் சேறாகக் கிடந்தது எவன் கண்ணிலும் படவில்லை. உன் மகள் காதுபடவே பேசுகிறார்கள். அந்தப் பாட்டில் இலையில் இருந்தால் அதுவே சாட்சியாகிவிடாதா?

நீ குடியை விட்டது ஏன் என்று எனக்கும் செல்விக்கும்தானே தெரியும்? அரியலூரில் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டும்போது ஸ்டியரிங்கில் கை நடுங்கும். காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதை அடக்கத்தான் முதலில் குடித்தாய். பிறகு பெரம்பலூரில் டாக்டரைப் பார்த்தாய், மனப்பதற்றம் என்றார். அவர் சொல்லித்தான் குடியை விட்டாய். அவரிடம் கேட்டுக்கொண்டு நாட்டு மருந்துக்கடையில் படபடப்புக்கு அமுக்கராப் பொடியும், அதான் அஸ்வகந்தா, வாங்கினாய். சட்டைப் பையில் பொட்டலம் இருக்கும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வெறும் பால் வாங்கிக் கலக்கிக் குடிப்பாய்.

அமுக்கரா என்றாலே கட்டில் சமாச்சாரத்துக்கு என்றுதான் நம் ஆட்களுக்கு நினைப்பு. "என்னா மணி, வூட்ல இன்னிக்கு விசேஷமா?" என்று கடையே சிரிக்கும். நீயும் மீசையை முறுக்கிக்கொண்டு சிரிப்பாய். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "உண்மையச் சொல்லித் தொலையேன்டா" என்றேன். "பயமா இருக்குன்னு சொல்றதுக்கு இது எவ்வளவோ தேவலாம் மச்சான்" என்றாய். இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

அதனால்தான் நேற்று அந்தப் பாட்டிலை எடுத்தேன். செல்வியைப் பால் காய்ச்சச் சொல்லி, அலமாரியில் மிச்சமிருந்த உன் பொடியைக் கலக்கி இலையில் வைத்தேன்.

"சாவு வூட்ல என்னாடா கூத்து?" என்றார் சித்தப்பா.

"இதத்தான் அவன் குடிச்சான் மாமா. சாராயத்த வுட்டு எம்புட்டு நாளாச்சு தெரியுமா? மனசுல பயம், படபடப்பு, அதுக்குக் குடிச்சான். வேற எதுக்கோன்னு சிரிச்சவங்க இப்பச் சிரிங்க பாப்போம்."

"ஆம்பளைக்கு என்னாடா பயம்?"

"எனக்கும் இருக்கு. இந்தாங்க, கையப் பாருங்க."

கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கோபத்தாலா, பயத்தாலா, யார் கண்டது? ஒருத்தரும் சிரிக்கவில்லை. உன் மகள் எழுந்து வந்து, என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். முழுக் குவார்ட்டர் மாப்ள. உன் சித்தப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அமுக்கராவேதான் உன்னைத் தேற்றியதா? தெரியவில்லை. அதைக் குடித்தும் படபடப்பு அடங்காத நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் எனக்குப் போன் போட்டு, டிப்பர், டயர், மழை என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பாய். எனக்கு அப்படி வந்தால் நான் யாருக்குடா போன் போடுவேன்?

நாளைக்குக் காலை பஸ்ஸில் பெரம்பலூர் போகிறேன். உன் டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அவர் சரி என்றால், நீ குடித்த அதே டீக்கடையில் உட்கார்ந்து அமுக்கராப் பால் குடிப்பேன். எவனாவது விசேஷமா என்று கேட்டால், "பயத்துக்குடா, எனக்கும் என் மாப்ளைக்கும்" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வேன். இது சத்தியம்.

உன்னைப் போலவே பயந்தவன்,
உன் மச்சான்