இன்னொரு சாவி

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் இருமல் நின்றதா? நான் நன்றாகவே இருக்கிறேன். புயலில் போன வீடுகளுக்குப் பதிலாக அரசு கட்டித்தரும் வீடுகளுக்குப் பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. ஒரு பெரியவரின் வீட்டில் பூட்டிய வாசற்கதவு மட்டும் நிலையோடு நிற்கிறது. சுற்றிச் சுவரே இல்லை. அவர் பூட்டைத் திறந்து, "உள்ள வாங்கம்மா" என்றார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன்.

"புது வீட்டுல புயல் தாங்குற கதவே போடுவாங்க ஐயா" என்றேன்.

"கதவு எதுவானாலும் சரி. பூட்டு மட்டும் இதையே போடச் சொல்லுங்க. இன்னொரு சாவி என் வீட்டுக்காரிகிட்ட இருக்கு. தண்ணி இழுத்துட்டுப் போனப்போ இடுப்புல செருகியிருந்தா."

ஜீப் வந்துவிட்டது, முடிக்கிறேன். நம் வாசல் பூட்டு இறுகுகிறது என்று எழுதியிருந்தீர்களே, எண்ணெய் விட்டுப் பாருங்கள். மாற்றிவிடாதீர்கள். என் சாவி என்னிடம்தான் இருக்கிறது.