பேய்க்கதையும் என் புருஷனும்

பர்மிங்காம்,
3 மார்ச் 1974

அன்புள்ள வெர்னிஸ்,

நலம்தானே? இத்தனை வருஷம் எழுதாததற்கு இங்கத்தியக் குளிரைக் காரணம் சொல்லலாம், நீ நம்பமாட்டாய். இத்துடன் ஒரு நாவல். நூறு வருஷமாக இந்த நாட்டையே நடுங்கவைத்த பேய்க்கதை. கடலில் செத்த கணவன் மனைவியைத் தேடி வீட்டுக்குத் திரும்பி வருகிறான். படித்து அழுதேன். எனக்கும் ஜமைக்காவுக்கு, நம் வீட்டுக்கே வந்துவிடலாம் போலிருக்கிறது. படித்துப் பார்த்து, வரலாமா என்று சொல்.

என்றும் உன்,
எக்பர்ட்

போர்ட் அந்தோனியோ,
29 மார்ச்

எக்பர்ட்டுக்கு,

பக்கத்து வீட்டு மிஸ் ஐனெஸின் மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்கிப் படித்தேன். நடுங்கவேண்டிய இடத்தில் தூங்கிவிட்டேன். புத்தகம் முகத்தில் விழுந்ததுதான் எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ச்சி.

இதற்கா நூறு வருஷம் நடுங்கினார்கள்? அந்தப் பேய் முந்நூறு பக்கம் பெருமூச்சு விடுகிறது. வேறு வேலை கிடையாது. அந்தச் சீமாட்டி கதவைத் திறக்கிறாள், மயங்கி விழுகிறாள், எழுந்து மறுபடி திறக்கிறாள். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நான் விழுந்தால் தூக்க நாலு பேர் வேண்டும்; அதனாலேயே எனக்கு மயக்கம் வருவதில்லை.

அவ்வளவு பெரிய மாளிகையில், செத்தவனை வழியனுப்ப ஊரைக் கூட்டி ஒன்பதாம் இரவு நடத்த நாதியில்லை. ரம் இல்லை, பொரித்த மீன் இல்லை. அவன் கட்டில் போட்டது போட்டபடி கிடக்கிறது. மிஸ் ஐனெஸிடம் சொன்னேன்.

"கட்டிலத் திருப்பிப் போடாத வீட்ல பேய் வரலேன்னாத்தான்டி அதிசயம்" என்றாள்.

உனக்கு அந்தக் குறை வைக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன் உன் சித்தப்பா மகன் ஆல்வின் ஊருக்கு வந்து, "அண்ணன் ஃபேக்டரில அடிபட்டுப் போயிட்டாரு" என்று அழுதான். ஊர் மெச்ச ஒன்பதாம் இரவு நடத்தினேன். கட்டிலைத் திருப்பி, அலமாரியை இடம் மாற்றி, இது தன் வீடில்லை என்று நினைத்து நீ போய்விட எல்லா ஏற்பாடும் செய்தாயிற்று. இப்போது புத்தகம் அனுப்புகிறாய்.

வெர்னிஸ்

பர்மிங்காம்,
20 ஏப்ரல்

அன்பு வெர்னிஸ்,

அடிபட்டது உண்மை. பிழைக்கமாட்டேன் என்று டாக்டர் சொன்னதுமே ஆல்வின் கப்பலேறிவிட்டான். நான் பிழைத்தேன், பிழைத்ததை எழுதச் சோம்பல்பட்டேன். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்பதாம் இரவன்று என்னைப் பற்றி என்ன பேசினார்கள்? கட்டிலை மறுபடி திருப்புவது பெரிய வேலையா? ஆகஸ்டில் வரட்டுமா? நாவல் கிடக்கட்டும், இதற்குப் பதில் எழுது.

உன் எக்பர்ட்

போர்ட் அந்தோனியோ,
11 மே

எக்பர்ட்டுக்கு,

கட்டில் பெரிய வேலையில்லை. பேசியதைக் கேட்டாயே, அதைச் சொல்கிறேன்.

ரம் உள்ளே போனதும் ஒவ்வொருவராக எழுந்து புளுகினார்கள். "இல்லேன்னு சொல்லத் தெரியாத மனுஷன்" என்றார் பாதிரியார். அவர் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. "பெண்டாட்டிய ஒரு அதட்டு அதட்டமாட்டாரு" என்றாள் மிஸ் ஐனெஸ், நமக்குக் கல்யாணமான நாள் முதல் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள். கடைசியில் என்னையும் எழுப்பிவிட்டார்கள்.

"வாரம் தவறாம எனக்குக் கடுதாசி போடுவாரு" என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்து, வாய்விட்டு அழுதேன்.

அன்றிலிருந்து அந்த மனிதருக்குத்தான் நான் விதவை. அவரோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. நீ வந்து இறங்கினால் ஒரே வாரத்தில் அவர் செத்துப்போவார். இன்னொரு முறை அழ எனக்குத் தெம்பில்லை.

வரவேண்டாம்.

இப்படிக்கு,
காலஞ்சென்ற எக்பர்ட்டின் மனைவி
வெர்னிஸ்