எந்த வெல்ட்?

ஹார்ஸ்டன்,
9 அக்டோபர் 1934.

அன்பு மகள் ஹெட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. குழந்தை தங்கவில்லை என்ற வரியைப் படித்ததும் அம்மா அடுப்பில் இருந்த பாலைக்கூட இறக்காமல் பின்வாசலுக்குப் போய்விட்டாள். அவள் பின்னிக்கொண்டிருந்த சின்னக் கம்பளிச் சட்டைக்கு ஒரு கைதான் பாக்கி. அதை முடிக்கவும் மனமில்லை, பிரிக்கவும் மனமில்லை அவளுக்கு.

இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்கு அனுப்பாமல், நீ நாற்காலி உறை தைக்கும் பட்டறைக்கு அனுப்புகிறேன். படித்ததும் அங்கேயே அடுப்பில் போட்டுவிடு.

பூட்ஸ் ஆலையில் இப்போது பாதி வேலைதான். வெல்ட் பட்டை தைக்கும் இயந்திரங்களில் சிலவற்றுக்கு உறை போட்டு மூடிவிட்டார்கள். என்னுடையது ஓடுகிறது. ஆனால் வெல்ட் என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை ஓடுவதில்லை, ஹெட்டி. எத்தனை வருஷம் நமக்கு ரொட்டி போட்ட சொல் அது.

ஜூலையில் உன் புருஷன் பெர்சி மேலான வழக்கில் நீதிமன்றத்தில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. பக்கத்து வீட்டு ஆடா கோல்ஸ் கூண்டில் ஏறி, "துணி காயப்போடும்போது ஹெட்டியே எங்கிட்டச் சொன்னாய்யா, ‘கையைத் தூக்க முடியலைக்கா, வெல்ட் வலிக்குது’ன்னு" என்றாள். பெர்சியின் வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். "பூட்ஸோட மேல்தோலையும் அடித்தோலையும் சேர்த்துப் பிடிக்கிற ஓரப்பட்டைக்கு வெல்ட்னு பேரு. நாற்காலி உறையோட ஓரத்துல உள்ளே கயிறு வச்சுத் தைக்கிறாங்களே, அதுவும் வெல்ட்தான். இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு வெல்ட் இருக்கு. நீங்க சொல்றது எந்த வெல்ட்டும்மா?" என்று கேட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. என்னோடு வேலை செய்கிறவர்களும் சிரித்தார்கள்.

ஆடா சிரிக்கவில்லை. "வாரால அடிச்சா தோல் தடிச்சு எழும்புமே, அந்த வெல்ட்டுங்க" என்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

பிறகு உன்னைக் கேட்டார்கள். பெர்சி முதல் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாற்காலி ஓரம் தைச்சுத் தைச்சுக் கை வலிக்குதுன்னுதாங்க சொன்னேன். அக்கா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க" என்றாய். அந்த வெயிலிலும் உன் சட்டைக் கை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. "சட்டைக் கையை மடிச்சுப் பாருங்கய்யா!" என்று கத்திவிட்டேன். வெளியே அனுப்பட்டுமா என்று நீதிபதி அதட்டினார். நீ என் பக்கம் திரும்பி, "அப்பா, உக்காருங்கப்பா" என்றாய். உட்கார்ந்துவிட்டேன். வழக்கு அத்தோடு தள்ளுபடியாயிற்று. அந்த மாதமே அவன் உன்னை லிவர்பூலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆடாவுக்கு உன்மேல் வருத்தம் இருக்குமோ என்று நீ நினைக்க வேண்டாம். யாராவது உன்னைப் பற்றிக் குறை பேசினால் அவள்தான் சண்டைக்குப் போகிறாள். "அவன் எதிர்ல உக்காந்து முறைக்கும்போது அந்தப் பொண்ணு வேற என்னத்தச் சொல்லும்? உன் வாயை மூடு" என்று ரொட்டிக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள்.

அவளுடைய தம்பி ஃபிரெட் உங்கள் ஊர்த் துறைமுகத்தில் வேலை செய்கிறான். உனக்குத் தெரியாமல் ஒருநாள் உன் தெருப்பக்கம் வந்து பார்த்திருக்கிறான். தரையோடு தரையாக ஒரே அறை, கதவைத் திறந்தால் நடைபாதை, வீட்டில் படி என்று ஒன்றே கிடையாது என்று எழுதியிருக்கிறான். படியில் தடுக்கி விழுந்ததால் குழந்தை போயிற்று என்று நீ எழுதியிருக்கிறாய். எந்தப் படி என்று நான் கேட்கப் போவதில்லை, மகளே.

வருகிற சனிக்கிழமை மதியம் பட்டறை மூடும்போது ஃபிரெட் பின்கதவருகே நிற்பான். சாம்பல் நிறத் தொப்பி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான். பெர்சி அந்த நேரம் கால்பந்துப் பந்தயத்துக்குப் போய்விடுவான் என்று நீயே முன்பு எழுதியிருந்தாய். துணிமணி எடுக்கிறேன் என்று வீட்டுக்குப் போய்விடாதே. போட்டிருக்கிற துணியோடு ரயில் ஏறு. டிக்கெட் ஃபிரெட்டிடம் இருக்கும். இங்கே நிலையத்தில் நான் நிற்பேன். இந்தச் சனிக்கிழமை உன்னால் முடியாமல் போனால் அடுத்த சனிக்கிழமையும் நிற்பேன்.

அம்மா உன் அறையில் ஜன்னலைத் திறந்து வைத்து, படுக்கையை வெயிலில் உலர்த்தியிருக்கிறாள். "வந்தா அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. சாப்பிட்டுத் தூங்கட்டும்" என்று என்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள். நாங்கள் கேட்கமாட்டோம். நீ சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. வந்துவிடு.

கடவுள் உன்மேல் கை வைத்துக் காக்கட்டும். வேறு எவன் கையும் இனி உன்மேல் படாதிருக்கட்டும்.

உன் அப்பா,
ஏமஸ் டெபட்